கூடாரமும் வாடியும்

ஆலங்குடா மணலில் இரவு தங்க ஏற்றது கல் கட்டடமல்ல, கூடாரமே. கற்பிட்டித் தீபகற்பத்தின் மேற்குக் கரை இது. முதுகுப்புறம் புத்தளம் களப்பு. மே மாதம் தொடங்கும் தென்மேற்குக் காற்று மணலை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். அதைப் பிடித்து நிறுத்துபவை அடம்பங்கொடியும் இராவணன் மீசையும்தான். அத்திவாரம் வெட்டினால் இரண்டும் வேரோடு போகும். கூடாரத்துக்கு அந்த வெட்டே வேண்டாம். சாதாரண முளை இங்கே நிற்காதுதான். ஒரு பையில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, முழங்கை ஆழத்தில் புதைத்தால் இலேசில் கழன்று வராது. காற்றில் பறக்கும் அதே மணல் கூடாரத்துக்குப் பாரமாகிவிடுகிறது. அழகான ஏற்பாடு!

கூடாரத்தில் தங்குவது வெளிநாட்டார் பொழுதுபோக்கு என்பார்கள். அப்படியல்ல. வடக்கே பத்தலங்குண்டுத் தீவில் மீனவர் பருவத்துக்கு வந்து கிடுகு வாடி போட்டுத் தங்குவது பழைய வழக்கம். பிழைப்பும் உல்லாசமும் ஒன்றா என்று கேட்டால், ஒன்றல்ல. மணலோடு இசைந்து தங்கும் முறைதான் ஒன்று. இதைவிடக் கனமான மறுப்பும் உண்டு. 1990 ஒக்டோபரில் இலங்கையின் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஆலங்குடாவிலும் கிடுகுக் கொட்டில் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள். இந்த ஊரில் ‘முகாம்’ என்றால் விடுமுறை அல்ல. அதனால்தான் கூடாரம் என்றே எழுதுகிறேன்.

நவம்பர் முதல் மார்ச் வரை கடல் அடங்கியிருக்கும், ஓங்கில்களையும் காணலாம். அப்போது வாருங்கள், அடம்பங்கொடியின் மேல் மட்டும் அடுப்பு மூட்டாதீர்கள்.