முற்றத்துத் தொலைக்காட்சியும் தீவகப் புனைகதையும்

ஒரு தலைமுறையின் புனைகதை எவ்வூற்றுகளிலிருந்து நீர் பெறுகிறது என்ற வினா திறனாய்வுக்குப் புதியதன்று. பாட்டியார் சொன்ன கதைகள், கோயிலிற் கேட்ட புராணபடனம், விடியவிடிய நடந்த நாட்டுக்கூத்து, இரவல் வாங்கி வாசித்த சஞ்சிகைகள், வானொலி நாடகம் என்னும் வரிசையை ஈழத்து எழுத்தாளர் பலரின் இளமை நினைவுகளிற் காணலாம். இவ்வரிசையின் இறுதியில் இப்போது தொலைக்காட்சியும் இடம்பெற்றுவிட்டது. 1970களில் யாழ்ப்பாணத் தீவகத்திற் பிறந்து, 1980களிற் சிறுவராயிருந்து, இன்று நடுத்தர வயதை எய்தியுள்ளோர் எழுதும் நினைவுக் குறிப்புகளிலும் கதைகளிலும் ஒரு காட்சி மீண்டும் மீண்டும் வருகின்றது. வாடகைக்கு எடுத்த ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, அதனோடு ஒரு வீடியோ டெக், வேலிக்கப்பால் இரையும் ஒரு ஜெனறேற்றர், முற்றத்து மணலிற் பாய் விரித்து விடியும்வரை இருக்கும் ஊர் என்பனவே அக்காட்சியின் உறுப்புகள். இக்காட்சி புனைகதைக்கு எதனைத் தந்தது, எதனை மறைத்தது என்பது ஆராயத்தக்கது.

தொலைக்காட்சிக்கும் புனைகதைக்கும் உள்ள உறவைப் பற்றிய சிந்தனை பெரும்பாலும் மேனாட்டுச் சூழலிலிருந்தே வந்துள்ளது. அமெரிக்க நாவலாசிரியர் டேவிட் ஃபாஸ்டர் வாலஸ் 1993இல் வெளியிட்ட நீண்ட கட்டுரையொன்றில், தம் தலைமுறை எழுத்தாளருக்குத் தொலைக்காட்சி வெளியிலிருந்து வந்த ஒரு பொருளாக அன்றி, பிறந்தது முதலே சூழ்ந்திருந்த உலகமாக அமைந்தமையை விளக்கினார். நாளொன்றுக்குப் பல மணி நேரம் தனியே அமர்ந்து பார்ப்பவனின் மனநிலையும், எதனையும் எள்ளி நகைத்து ஒதுக்கும் தொலைக்காட்சியின் தொனியும் அந்நாட்டுப் புனைகதையைப் பாதித்தன என்பது அவர் கருத்தின் சாரம். மிகுதியும் தனிமையுமே அவர் கண்ட சிக்கலின் இரு வேர்கள். தீவகத்துக்கு இவ்வாய்பாட்டை அப்படியே பொருத்திப் பார்ப்பது பிழையாகும். அங்கு தொலைக்காட்சி அரிதாகவே கிடைத்தது. கிடைத்தபோது அதனை எவரும் தனியே பார்த்ததில்லை. அருமையும் கூட்டமுமே அதன் இயல்புகள். எனவே அதனாற் பிறக்கும் நினைவேக்கமும் வேறு வகையானது.

வரலாற்றை நோக்குமிடத்து இவ்வருமை தெளிவாகும். இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1979 ஏப்ரலில் ஒரு தனியார் முயற்சியாகத் தொடங்கி, சில வாரங்களில் அரசின் கைக்கு மாறியது. ரூபவாகினி 1982 பெப்ரவரியில் ஜப்பானிய உதவியுடன் ஆரம்பமாயிற்று. பாக்குநீரிணைக்கு அப்பால் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975இலேயே இயங்கத் தொடங்கியிருந்தது. கொழும்பை விடத் தமிழகக் கரை அண்மையில் இருந்தமையால், உயரமான கம்பங்களில் அன்ரனாவைக் கட்டி இந்தியத் திசைக்குத் திருப்புவது வடபகுதியின் வழக்கமாயிற்று. காற்று மாறினால் படம் மாறும். மழை இருட்டினால் படம் மறையும். வீடுதோறும் மின்சாரம் இல்லாத தீவுகளில் இவ்வசதியும் சிலருக்கே வாய்த்தது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் எப்பொருளும் குறிகட்டுவான் துறையிலிருந்து படகேறியே செல்லவேண்டும். பெட்டியும் டெக்கும் அவ்வாறே சென்றன. ஒரு திருமணத்துக்கோ சாமத்தியச் சடங்குக்கோ அவை வந்தால், அவ்விரவு மூன்று நான்கு திரைப்படங்கள் ஓடுவது உறுதி.

இவ்விரவுகளின் அமைப்பை உற்றுநோக்கினால் அது புதியதன்று என்பது புலப்படும். ஊர்காவற்றுறை, மெலிஞ்சிமுனை முதலிய கத்தோலிக்கக் கிராமங்களிற் கூத்துக் களரியைச் சூழ்ந்திருந்த கூட்டமும், கோயிற் திருவிழா இரவில் மேளச்சமா கேட்க வீதியில் அமர்ந்திருந்த கூட்டமும் இதே கூட்டந்தான். பிள்ளைகள் முன்வரிசையில் உறங்கி விழுவர். சண்டைக் காட்சிக்கு எழுப்பிவிடப்படுவர். கிழவர் ஒருவர் கதையை முன்கூட்டியே சொல்லித் திட்டு வாங்குவார். ஜெனறேற்றர் நின்றுவிட்டால் இருளில் யாரோ ஒருவர் மிகுதிக் கதையைச் சொல்லத் தொடங்குவார். சாதனம் புதியது; அவை பழையது. தீவகத்துச் சிறுவர் தொலைக்காட்சியைப் பெற்றது இப்பழைய அவையின் ஊடாகவே என்பது முதலாவதாக மனங்கொள்ளத்தக்கது.

மொழி பற்றிய உண்மையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. ரூபவாகினியின் நிகழ்ச்சிகளிற் பெரும்பகுதி சிங்களத்தில் இருந்தது. 1987 ஜனவரியிலிருந்து 1988 யூலை வரை ஞாயிறுதோறும் இந்தியத் தொலைக்காட்சி ஒளிபரப்பிய இராமாயணத் தொடர் இந்தியில் அமைந்தது. மொழி விளங்காத படத்தைப் பார்க்கும் பிள்ளை சும்மா இருப்பதில்லை. முகத்தையும் கையசைவையும் கொண்டு தானே ஒரு கதையைக் கட்டிக்கொள்கிறது. அருகிலிருப்பவர் கட்டிய கதையோடு அதனை ஒப்பிடுகிறது. இரண்டும் முரண்பட்டால் வாதிடுகிறது. புனைகதையின் தொழில் இதிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. குறையுள்ள படமே கற்பனைக்கு வேலை கொடுத்தது. துல்லியமான படமும் விளங்கும் மொழியும் தடையின்றிக் கிடைத்திருப்பின் இப்பயிற்சி வாய்த்திராது.

ஊடகமொன்று புனைகதையின் உருவத்தை மாற்றியமைத்த முன்னுதாரணம் ஈழத்தில் ஏலவே உண்டு. இலங்கை வானொலியின் 'இசையும் கதையும்' நிகழ்ச்சி, நேயர் எழுதிய கதைகளைத் திரைப்பாடல்களுக்கு இடையிற் கோத்து ஒலிபரப்பியது. எழுதும் ஆர்வமுள்ள இளைஞர் பலருக்கு அது முதல் மேடையாயிற்று என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும் அதன் விதி கடுமையானது. பாடலுக்குப் பொருந்தும் இடத்திற் கதை நிற்கவேண்டும். பாடல் தரும் உணர்ச்சியையே கதையும் தரவேண்டும். பிரிவும் கண்ணீரும் மலிந்தன. சூழலும் தொழிலும் மெலிந்தன. இதற்கு எதிர்முனையிற் செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நிற்கிறது. 1973இல் வெளிவந்த அந்நாவல், பருவத் தொழிலுக்காக நெடுந்தீவுக்கு வந்து வாடியமைக்கும் மீனவரின் வாழ்வைக் காற்றும் கடலும் வலையும் சார்ந்து காட்டியது. 1978இற் திரைப்படமாகவும் வந்தது. ஆங்கே திரை நாவலைத் தேடி வந்தது. தொழிலையும் நிலத்தையும் நன்கறிந்த எழுத்து ஊடகத்துக்கு வளைய வேண்டியதில்லை என்பதற்கு இது தக்க சான்று.

இனி நினைவேக்கத்தின் சிறப்பியல்புக்கு வருவோம். உலகின் பிற பகுதிகளிற் குழந்தைப் பருவத் தொலைக்காட்சிக்கு ஏங்குவோர் கடந்துபோன வயதுக்கே ஏங்குகின்றனர். தீவகத்தாருக்கு வயதோடு இடமும் போயிற்று. பெட்டிகளும் மனிதரும் கடந்த அதே கடலில், 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகிற் பயணிகள், கைக்குழந்தை உட்பட, வெட்டிக் கொல்லப்பட்டனர். 1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியபின் குடாநாட்டுக்கு மின்வழங்கல் அற்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் இராணுவம் தீவுகளில் இறங்கியது, மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடிக்கப்பட்ட பலர் திரும்பவில்லை, ஊர்கள் வெறிச்சோடின. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்கும் காலம் வந்தது. இராமேசுவரத்தில் 323 மீற்றர் உயரமான தொலைக்காட்சிக் கோபுரம் 1995இல் எழுந்தபோது, எதிர்க்கரையில் அதன் அலைகளை வாங்கவேண்டிய முற்றங்களிற் பல பற்றை மூடிக் கிடந்தன. படம் தெளிந்தபோது பார்ப்போர் இல்லை. இவ்வெறுமையைப் புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினம் 'காற்றுவெளிக் கிராமம்' தொகுதியிற் பதிவுசெய்தார்.

ஆகவே புலம்பெயர்ந்த தீவகத்தாரின் ஏக்கத்தை வெறும் பலவீனமென்று தள்ளுதல் நேர்மையாகாது. 'நொஸ்டால்ஜியா' என்ற சொல்லே 1688இல் ஒரு நோயின் பெயராகத்தான் பிறந்தது. சுவிற்சர்லாந்து மருத்துவ மாணவர் யொகான்னஸ் ஹோபர், வீட்டைப் பிரிந்தோரின் உடல்மெலிவைக் குறிக்க அதனை ஆக்கினார். ஸ்வெட்லானா போய்ம் 2001இல் வெளிவந்த தம் நூலில் இந்நோயை இருவகைப்படுத்தினார். இழந்ததை அவ்வாறே மீளக் கட்டியெழுப்ப முனைவது ஒன்று. இழப்பையும் நினைவின் ஐயங்களையும் சேர்த்து எண்ணிப்பார்ப்பது மற்றொன்று. இப்பாகுபாடு தீவக எழுத்தை மதிப்பிடவும் உதவும்.

மீளக்கட்டும் வகையைச் சேர்ந்த எழுத்தே அளவில் மிகுதி. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் வெளியாகும் ஊர்ச் சங்க மலர்களிலும், அவற்றை ஒட்டி எழும் சிறுகதைகளிலும் நிகழ்ச்சிப் பெயர்களும் நடிகர் பெயர்களும் பாடல்களும் நிரலாக அடுக்கப்படுகின்றன. வாசகன் தானும் அதனைக் கண்டவனாயின் மகிழ்கிறான். அம்மகிழ்ச்சியோடு கதை முடிகிறது. அறிந்ததை அறிந்தவனுக்கு நினைவூட்டும் எழுத்து, அறியாதவனுக்கு எதனையும் காட்டுவதில்லை. அடுத்த தலைமுறைப் பிள்ளை, பெட்டியின் பெயரை அறியுமேயன்றி அம்முற்றத்தின் மணலை அறியாது. இது கலைக் குறைபாடு.

இதனினும் பாரதூரமான குறைபாடு வேறொன்று. 'ஊரே கூடியிருந்து பார்த்தது' என்ற வாக்கியம் இவ்வகை எழுத்தில் எளிதாக வந்து விழுகிறது. எந்த ஊர்? புங்குடுதீவிற் கண்ணகி அம்மன் கோயிலை அண்டிய நன்னீர்க் கிணற்றில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நீரள்ளும் உரிமைக்காக எழுத்தாளர் மு. தளையசிங்கம் 1971இற் சத்தியாக்கிரகம் நடத்தினார், அதற்காகப் பொலிசாரின் தாக்குதலுக்கும் ஆளானார், 1973இற் காலமானார். கிணற்றடியில் வாளியைத் தொடும் உரிமைக்கே போராட வேண்டியிருந்த சமூகத்தில், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தொலைக்காட்சி ஒன்று வந்ததும் முற்றங்கள் எல்லோருக்கும் ஒரே வகையில் திறந்தன என்று கொள்வதற்கு ஆதாரம் இல்லை. யார் பாயில் இருந்தனர், யார் மணலில் இருந்தனர், யார் வேலியோடு நின்றனர் என்ற வினாக்களை நினைவேக்கம் கேட்பதில்லை. நெடுந்தீவின் முருகைக்கல் மதிலுக்கு வெளியே நின்று, தலைகளுக்கு மேலாகப் படம் பார்த்த பிள்ளை ஒன்றும் அத்தலைமுறையைச் சேர்ந்ததே. அப்பிள்ளையின் கண்ணுக்குத் திரையும் தெரிந்தது. திரையைப் பார்ப்போரின் முதுகுகளும் தெரிந்தன. முழுக் காட்சியையும் கண்டது அப்பிள்ளை ஒன்றே எனலாம். ஆயினும் அதன் கதை இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை.

எண்ணிப்பார்க்கும் வகைக்கு அண்மையில் நிற்பவர் அல்லைப்பிட்டியைச் சேர்ந்த ஷோபாசக்தி. 2001இல் வெளிவந்த அவரது 'கொரில்லா' தொலைக்காட்சியைப் பொருளாகக் கொண்டதன்று. எனினும் இவ்வாராய்ச்சிக்கு அது இன்றியமையாதது. தீவகக் கிராமமொன்றைக் களமாகக் கொண்ட அந்நாவல் ஏக்கத்தை அண்டவிடாது நடக்கிறது. அகதி விண்ணப்பத்தின் வறண்ட அலுவல்மொழியும், ஊர்ச் சந்தியின் பகிடியும் அதில் அருகருகே நிற்கின்றன. கதைக்கு அடியில் அடிக்குறிப்புகள் எழுந்து பெயர்களையும் நிகழ்ச்சிகளையும் விளக்குகின்றன. ஆய்வு நூலின் உறுப்பாகிய அடிக்குறிப்பு இங்கு, முற்றத்திற் பக்கத்திலிருப்பவனுக்கு விளங்காத படத்தை விளக்கிச் சொல்லும் குரலின் வேலையைச் செய்கிறது. கதைசொல்லி தனியன் அல்லன். அவனைச் சூழ ஓர் அவை உண்டு. அவை குறுக்கிடும், நகைக்கும், ஐயுறும். இவ்வவையை எழுத்துக்குள் கொண்டுவந்தமையே அந்நாவலின் உருவ வெற்றி. ஊரின் வன்முறையும் அவமானமும் அதன் பகிடியோடு சேர்ந்தே நினைவுகூரப்படுவதால் நினைவு இனிப்பாக உறைந்துவிடவில்லை. ஏக்கத்தைக் கடிந்தொதுக்கும் இந்நகைப்பு சில இடங்களில் மாந்தரின் அகத்தைத் தொடாது தாண்டிச் செல்கிறது என்ற குறையும் கூறலாம். எனினும் ஊரைப் படம்பிடித்துச் சட்டமிடும் எழுத்தினும் அது மேலானது.

இவற்றைத் தொகுத்து நோக்கும்போது ஒரு முடிவு பெறப்படும். தீவகத்துப் படைப்பாளி தொலைக்காட்சியிடமிருந்து பெற்றது நிகழ்ச்சிகளை அன்று. அரைகுறைப் படத்தை நிரப்பும் கற்பனை, தடைப்பட்ட கதையை இருளில் தொடரும் குரல், பலர் கூடி ஒரு கதையைக் கேட்கும் அவை ஆகிய மூன்றுமே அவன் பெற்ற செல்வம். இம்மூன்றையும் கைக்கொள்ளும் புனைகதையில் பெட்டியின் பெயர் ஒருமுறைகூட வராதிருக்கலாம். ஆயினும் அக்குழந்தைப் பருவம் அதில் உயிரோடிருக்கும். பெட்டியை மட்டும் நினைவுகூரும் கதையில் அது காட்சிப்பொருளாகக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும்.

போர் முடிந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. கோடை விடுமுறையில் திரும்பிவருவோர் குறிகட்டுவானிற் படகேறுகின்றனர். கூரையற்ற வீடுகளின் முற்றங்களில் நின்று, பெட்டி வைத்த இடம் இதுவென்று பிள்ளைகளுக்குக் காட்டுகின்றனர். அவ்விடத்தைச் சுட்டும் விரல் சற்றுத் திரும்பி, வேலி நின்ற இடத்தையும் அதற்கப்பால் நின்றவரையும் சுட்டுமாயின், அங்கிருந்து ஒரு நாவல் தொடங்கக்கூடும்.