நான்கு நோட்டுப் புத்தகங்கள்

அப்பா இறந்த மூன்றாம் நாள் வீட்டு ஜெபத்துக்கு வந்த உபதேசியார் யோபுவின் கதையை எடுத்தார். எல்லாவற்றையும் இழந்தான், விசுவாசத்தை விடவில்லை, கர்த்தர் இரட்டிப்பாய்த் திருப்பிக் கொடுத்தார் என்று முடித்தார். அம்மா தலையாட்டினாள். சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டிருந்த அத்தை என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "ஆடுமாடுதான் மக்கா இரட்டிப்பு. செத்த பிள்ளைகளத் திருப்பிக் குடுக்கலியே. வேற பிள்ளைகளல்லா குடுத்தாரு."

அத்தை ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள் (எங்கள் ஊரில் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம்). அடுத்த ஞாயிறும் போனாள். இப்போதும் போகிறாள். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டு அவளால் எப்படிப் போக முடிகிறது என்ற கேள்வியோடுதான் சி.எஸ். லூயிஸின் 'எ க்ரீஃப் அப்சர்வ்டு' நூலைத் திரும்பப் படித்தேன்.

நார்னியா கதைகள் வழியாக லூயிஸைத் தெரிந்தவர்கள் அதிகம். நான் அவரிடம் வந்தது வேறு வழியில். இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம், ஹாஸ்டலில், 1940இல் வந்த அவருடைய 'தி ப்ராப்ளம் ஆஃப் பெயின்' கையில் கிடைத்தது. கடவுள் நல்லவர், எல்லாம் வல்லவர், அப்படியென்றால் வலி ஏன்? லூயிஸ் இதை ஒரு கணக்கு போல எடுத்துக்கொள்கிறார். சுதந்திரமுள்ள மனிதர்கள் சேர்ந்து வாழ வேண்டுமென்றால் உலகத்துக்கு மாறாத விதிகள் வேண்டும். விதிகள் மாறாது என்றால் சூடு உண்டு, காயம் உண்டு, ஒருவன் இன்னொருவனை அடிக்கவும் வழி உண்டு. வலி, கேளாத காதுகளுக்குக் கடவுள் வைத்திருக்கும் ஒலிபெருக்கி என்ற அவருடைய புகழ்பெற்ற உவமையும் இந்தப் புத்தகத்தில்தான். இருபது வயதில் எனக்கு அது அத்தனை திருப்தியாக இருந்தது. ரூமில் இருந்த நாத்திக நண்பனிடம் இரண்டு ராத்திரி வாதாடி ஜெயித்தேன். ஜெயித்ததாகத்தான் நினைத்தேன்.

அப்பா வென்டிலேட்டரில் இருந்த பத்தொன்பது நாட்களில் அந்தப் புத்தகத்தின் ஒரு வாதம்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. வாதம் தப்பு என்று சொல்ல மாட்டேன். அந்த வராந்தாவில் அதற்கு வேலை இல்லை, அவ்வளவுதான்.

லூயிஸுக்கே இது தெரிந்திருக்கிறது. முன்னுரையில், அறிவுக்கு எழும் சிக்கலை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன், தைரியத்தையும் பொறுமையையும் கற்றுக்கொடுக்கும் தகுதி எனக்கில்லை என்று ஒதுங்கிக்கொள்கிறார். அந்த நூலைப் பெயர் போடாமல் வெளியிடத்தான் முதலில் அனுமதி கேட்டிருக்கிறார். தன்னைத் தெரிந்தவர்கள் படித்தால் சிரிப்பார்களே என்ற கூச்சம். பதிப்பு வரிசைக்கு அது ஒத்துவராது என்று மறுத்துவிட்டார்கள். இருபத்தொரு வருஷம் கழித்து, 1961இல், 'எ க்ரீஃப் அப்சர்வ்டு' ஃபேபர் வெளியீடாக வந்தபோது ஆசிரியர் பெயர் என்.டபிள்யூ. கிளார்க். மனைவிக்கு வெறும் 'எச்.' என்ற எழுத்து. இந்த முறை மறைந்துகொள்ள முடிந்தது. முதல் தடவை தான் இருப்பதைவிடத் தைரியசாலியாகத் தெரிந்துவிடுவோம் என்று ஒளியப் பார்த்தவர், இரண்டாம் தடவை எவ்வளவு உடைந்துபோயிருக்கிறோம் என்பது தெரிந்துவிடும் என்று ஒளிந்திருக்கிறார் என்றே நான் வாசிக்கிறேன். ஆளைத் தெரியாமல் சில நண்பர்கள் துக்கத்துக்கு ஆறுதலாக இருக்கும் என்று அந்தப் புத்தகத்தை அவருக்கே சிபாரிசு செய்தார்கள் என்றும் சொல்வதுண்டு.

பின்னணி சுருக்கமாக: ஜாய் டேவிட்மன் அமெரிக்க எழுத்தாளர், விவாகரத்தானவர், இரண்டு பையன்களின் தாய். எலும்பில் புற்றுநோய். 1957 மார்ச்சில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே பீட்டர் பைடு என்ற ஆங்கிலிகன் பாதிரியார் இருவருக்கும் திருமணம் செய்துவைத்து, ஜாயின் மேல் கைவைத்து ஜெபித்தார். யாரும் எதிர்பார்க்கவில்லை, நோய் பின்வாங்கியது. எழுந்து நடந்தார். 1960 வசந்தத்தில் இருவரும் கிரீஸுக்குப் போய் வந்தார்கள். அதே வருஷம் ஜூலை 13ஆம் தேதி, 45 வயதில் ஜாய் இறந்தார்.

அற்புதம் நடக்கவே இல்லை என்றால் ஒருவிதமாகத் தாங்கிக்கொள்ளலாம். நடந்து, பிறகு பிடுங்கப்பட்டால்? லூயிஸின் கோபம் இங்கேதான் குத்துகிறது. தவறிப்போன பரிசோதனை முடிவுகள், எக்ஸ்ரேக்கள், திடீரென்று வந்த தேறுதல் என்று ஒவ்வொரு பொய் நம்பிக்கையையும் எண்ணி எழுதுகிறார். சந்தோஷமாக இருந்தபோது திறந்திருந்த வீடு, தேவைப்பட்டபோது முகத்தில் அறைந்து சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம்கூடக் கேட்டது. கடவுள் இல்லை என்று முடிவுகட்டிவிடுவேனோ என்ற பயம் அவருக்கு அதிகம் இல்லை. கடவுள் இருக்கிறார், ஆனால் இவ்வளவுதான் அவர், இப்படிப்பட்டவர்தான் என்று நம்பத் தொடங்கிவிடுவேனோ என்பதுதான் பயம். எங்கள் ஜெபக்கூட்டங்களில் சந்தேகம் என்றாலே கடவுள் உண்டா இல்லையா என்பதாகத்தான் பேசுவார்கள். ஐசியூ வாசலில் நின்றவனுக்கு அந்தக் கேள்வி வருவதில்லை. வருவது லூயிஸின் கேள்விதான்.

இந்த நூலை நான் மதிக்கும் முக்கியக் காரணம் அதன் வடிவம். எங்கள் வேலையில் ராத்திரி சர்வர் விழுந்தால் இரண்டு விதமான எழுத்து மிஞ்சும். ஒன்று, விழுந்துகொண்டிருக்கும்போதே பதிவாகும் லாக். இன்னொன்று, எல்லாம் சரியான பிறகு உட்கார்ந்து எழுதும் அறிக்கை (அதற்கு எங்கள் ஆட்கள் வைத்திருக்கும் பெயர் போஸ்ட்மார்ட்டம், என்னத்த சொல்ல). அறிக்கையில் எல்லாம் காரண காரியத்தோடு இருக்கும், யாரும் பதறியிருக்க மாட்டார்கள். விசுவாச சாட்சிகள் பெரும்பாலும் அறிக்கைகள். லூயிஸ் தந்திருப்பது லாக். வீட்டில் கிடந்த வெற்று நோட்டுப் புத்தகங்களில் எழுதியது, நான்கு பகுதிகள். கடவுளை ஒரு கொடூரராக, உயிர்களை அறுத்துப் பார்க்கும் பரிசோதகராக எண்ணும் பக்கங்களை எழுதுகிறார். பிறகு அது சிந்தனை இல்லை, வலியில் போட்ட கத்தல் என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் அந்தப் பக்கங்களை அடிக்கவில்லை. திருத்தமும் கத்தலும் அருகருகே நிற்கின்றன.

மூன்றாம் பகுதியில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறார். உலகத்தில் துன்பம் உண்டு என்பது எனக்கு முன்பே தெரியும். அப்படியிருக்க, என் வீட்டுக்கு அது வந்ததும் ஏன் எல்லாம் சரிந்தது? சரிந்தது நம்பிக்கை இல்லை, சீட்டுக்கட்டு வீடு என்பது அவருடைய பதில். 1940ஆம் வருஷத்துப் புத்தகத்தைப் பற்றி அவரே எழுதிய விமர்சனமாக இதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதே பகுதியில் பழைய வாதக்காரர் மறுபடி எட்டிப்பார்க்கிறார். நல்ல அறுவைச் சிகிச்சை நிபுணர் நோயாளி கெஞ்சினாலும் பாதியில் கத்தியை நிறுத்த மாட்டார் என்ற உவமை. இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆபரேஷன் என்றால் கட்டிலில் கிடந்தவர் பிழைக்க வேண்டும். இங்கே கிடந்தது ஜாய். குணமானதாகச் சொல்லப்படுவது லூயிஸ். ஒருத்தியின் எலும்பை அரித்து இன்னொருவனின் ஆத்துமாவைச் சீராக்குவது என்ன வைத்தியம்? உபதேசியாரின் 'இரட்டிப்பாய்' என்ற சொல்லில் இருக்கும் அதே ஓட்டை இதிலும் இருக்கிறது.

நல்லவேளை, நூல் இந்த உவமையின் மேல் நிற்கவில்லை. நான்காம் பகுதியில் பதில் எதுவும் வருவதில்லை. பழைய மௌனம்தான் தொடர்கிறது, ஆனால் இப்போது அது தாழ்ப்பாள் போட்ட கதவாகப் படவில்லை என்கிறார். யாரோ பரிவோடு பார்த்துத் தலையசைப்பது போல, உனக்குப் புரியாது என்பது போல இருக்கிறதாம். சில வாசகர்களுக்கு இது சமாதானம் போலத் தோன்றியிருக்கிறது. யோபுவின் முடிவைச் சேர்த்துப் பார்த்தால் எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. யோபுவின் நண்பர்கள் எலிப்பாசும் பில்தாதும் சோப்பாரும் கடவுளைப் பற்றி நிறைய, சரியாகவே பேசுகிறார்கள். கடவுளைப் பார்த்துப் பேசுவது யோபு மட்டும்தான், அதுவும் பெரும்பாலும் சண்டை. கடைசியில் கர்த்தர் கோபித்துக்கொள்வது நண்பர்கள் மேல். உபதேசியார் இந்த இடத்தை வாசிக்கவில்லை. லூயிஸ் 1940இல் நண்பர்களின் பக்கம் உட்கார்ந்திருந்தார். 1960இல் சாம்பலில் வந்து உட்கார்ந்தார். சண்டை போட எதிரே ஆள் இருக்கிறது என்பதை மட்டும் கடைசி நோட்டு வரை அவர் விடவில்லை. நம்பிக்கை என்று அங்கே மிஞ்சியது அவ்வளவுதான் என்று படுகிறது. எனக்கு அந்த அளவாவது இருக்கிறதா என்று இதை எழுதும்போதும் தெரியவில்லை.

அத்தைக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. போன மாதம் போனில் இந்தப் புத்தகத்தின் கதையை முழுக்கச் சொன்னேன். கதவு, தாழ்ப்பாள், சீட்டுக்கட்டு வீடு எல்லாம் கேட்டாள். ம், ம் என்றாள். பிறகு, "அந்தப் பையங்க ரெண்டு பேரு என்ன ஆனானுவ?" என்றாள்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. டேவிட்டும் டக்ளஸும் அப்போது பதினாறு, பதினான்கு வயதுப் பையன்கள். நூலில் அவர்களுக்குக் கிடைப்பது சொற்ப இடம். அம்மாவைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர்கள் முகத்தில் வருவது கூச்சம் மட்டும்தான், பேச்சை நிறுத்த மாட்டாரா என்று பார்க்கிறார்கள் என்று எழுதும் லூயிஸ், தன் அம்மா செத்தபோது அப்பா அவளைப் பற்றிப் பேசினால் தானும் அப்படித்தான் இருந்தேன் என்கிறார். அவர் அம்மா 1908இல் புற்றுநோயில் இறந்தபோது அவருக்கு ஒன்பது வயது. அம்மா பிழைக்க வேண்டும் என்று ஜெபம் செய்த பையன். புத்தகம் முழுக்க அவரைத் துரத்தும் கேள்வி முதலில் கேட்கப்பட்ட இடம் அதுதான். அதன் பக்கத்தில் ஒரு நிமிஷம் வந்து நின்றவர், அங்கே உட்காராமல் எழுந்து போய்விடுகிறார். மூன்று முறை படித்தும் எனக்குக் கண்ணில் படாத இடம்.

அத்தையிடம் அதைச் சொன்னேன். "அதான பாத்தேன்" என்றாள். கோயிலுக்கு நேரமாச்சு என்று வைத்துவிட்டாள்.