துண்டுப்பிரசுரமும் மலையக இலக்கிய வரலாறும்

மலையக இலக்கியத்தை மதிப்பிட முற்படுவோர் பெரும்பாலும் நூலுருப் பெற்றவற்றையே சான்றாகக் கொள்வர். பிற பிரதேசங்களுக்கு ஓரளவு பொருந்தும் இவ்வணுகுமுறை, தலவாக்கலை, அட்டன் முதலிய தோட்டப் பகுதிகளுக்குப் பொருந்துவதன்று. இங்கு எழுத்து நெடுங்காலம் துண்டுப்பிரசுரமாகவும் கையெழுத்துத் தாளாகவுமே வாழ்ந்தது. நூல் அதன் பிற்கால வடிவம். சில வேளைகளில் அதன் எச்சம் மட்டுமே.

கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் 1940இல் வெளியிட்ட ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் சிறு பிரசுரத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தொழிற்சங்க மேடைகளில் பாடுதற்கென எழுந்தவை அவருடைய பாடல்கள். மக்கள் அறிந்த மெட்டில் புதுச்செய்தியை ஏற்றுவதே இவ்வகைப் பிரசுரங்களின் மரபு. ஆதலின் அச்சிட்ட தாளிலிருப்பது பாடலின் ஒரு பாதியே. மறுபாதி கேட்போரின் செவியில் முன்னரே இருந்தது. இவற்றை யாப்பமைதி கொண்டு அளந்து ‘வெறும் பிரசாரம்’ என ஒதுக்குவது, நாடகப் பிரதியைக் காவியமென வாசித்துக் குறைகாண்பதை ஒக்கும்.

இத்தகைய தாள்கள் அருகிப்போனமைக்குக் காரணம் தேடி நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக்காம்பராவில், மழையும் அடுப்புப் புகையும் சூழ, ஒரு குடும்பமே ஒடுங்கிக் கிடந்தவிடத்துக் காகிதத்துக்கு இடமேது? 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. கப்பலேறியோர் தகரப் பெட்டியில் கடவுச்சீட்டுக்கே முதலிடம் அளித்திருப்பர். 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் எஞ்சியவற்றையும் குலைத்தன. சாரல் நாடன் 1980களில் நடேசய்யரின் வரலாற்றை எழுதப் புகுந்தபோது, வரலாற்றாசிரியரே சேகரிப்பாளராகவும் மாறவேண்டியிருந்தது. அவர் உழைப்பின் பெறுமதியை இப்பின்னணியிலேயே உணரமுடியும்.

தலவாக்கலையை அடுத்த வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளையின் நிலை இன்னும் சிக்கலானது. ஆங்கிலத்தில் அவர் யாத்த தேயிலைத் தோட்டக் கவிதையைத் தமிழர் பலர் சக்தீ பால ஐயாவின் தமிழாக்கம் வழியாகவே அறிவர். அவர் பல்லாண்டுகள் திரட்டிய நாட்டார் பாடல்கள் 1983இல் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ எனச் சென்னையில் நூலாயின. தொகுப்பாளரின் பணி போற்றத்தக்கதே. எனினும் யார் பாடினார், எத்தோட்டத்தில், கொழுந்து பறிக்கையிலா, ஒப்பாரியிலா என்பனவற்றைத் திறனாய்வாளன் அறிய விழைவானாயின், அச்சிட்ட பாடலைக் காட்டிலும் அதனை முதன்முதல் குறித்துக்கொண்ட தாளே அவனுக்கு வேண்டும். அத்தாளின்றேல் ஒரு குறிப்பிட்ட பெண்ணின் குரல் காலமும் பெயருமற்ற ‘மக்கள்’ குரலாகிவிடும்.

இங்கொரு முரண் உண்டு. 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவானவர் வேலுப்பிள்ளை. 1948இன் பிரசாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தமும் அவரைத் தெரிவுசெய்த தொழிலாளரின் வாக்குரிமையைப் பறித்தன. 1952 தேர்தலில் அவர்தம் பிரதிநிதி எவரும் சபைக்குச் செல்லவில்லை. ஆயினும் அச்சபையில் அவர் ஆற்றிய உரைகள் ஹன்சாட் பதிவேட்டில் திகதியுடன் கட்டடம் செய்யப்பட்டுள்ளன. அவருடைய கவிதைகளை அவ்வுரைகளோடு அருகருகே வைத்துக் கற்கும் ஆய்வை இன்றைய மாணவர் மேற்கொள்ளலாம். அதற்குரிய ஒருபாதிச் சான்றேனும் சிதையாதிருக்கிறது.