துருவும் புல்லும்

'10 திங்ஸ் ஐ ஹேட் அபவுட் யூ' (1999) படத்தில் ஹீத் லெட்ஜரும் ஜூலியா ஸ்டைல்ஸும் ஒருவர்மேல் ஒருவர் பெயின்ட் எறிந்து விளையாடுவார்கள் இல்லையா, அந்தக் காட்சியை எடுத்தது சியாட்டில் நகரின் கேஸ் வொர்க்ஸ் பார்க்கில். லேக் யூனியன் ஏரியின் வடகரை. அவர்கள்மேல் அப்பிய பெயின்ட் கழுவினால் போய்விடும். அந்த மண்ணில் ஊறிக் கிடப்பது அப்படிப் போகிற சரக்கு இல்லை.

1906-லிருந்து 1956 வரை அங்கே நிலக்கரியிலிருந்தும், பிற்பாடு எண்ணெயிலிருந்தும் எரிவாயு தயாரித்தார்கள். காற்றுப்படாமல் நிலக்கரியைச் சூடாக்கினால் வாயு வரும், கூடவே தாரும் வரும். வாயு குழாய் வழியே நகரத்து வீடுகளுக்குப் போயிற்று. தாரும் பென்சீனும் ஆர்சனிக்கும் நாப்தலீனும் (நம்ம வீட்டு அலமாரியில் போடுகிற பாச்சை உருண்டைதான்) மண்ணுக்குள்ளும் ஏரிக்குள்ளும் இறங்கின.

நகராட்சி இந்த நிலத்தைப் பூங்காவாக்க நினைத்தபோது, யார் மனதிலும் இருந்த படம் ஒன்றுதான்: எல்லாவற்றையும் இடி, புது மண் கொட்டு, புல் வளர். 1970-ல் வேலையை ஏற்ற நிலத்தோற்ற வடிவமைப்பாளர் ரிச்சர்ட் ஹாக் வேறு மாதிரி யோசித்தார். ஆலையிலேயே ஒரு பழைய கட்டடத்தில் அலுவலகம் போட்டு உட்கார்ந்துகொண்டு, இந்தத் துருப்பிடித்த கோபுரங்கள் இங்கேயே நிற்கட்டும் என்று ஊரோடு வாதாடினார். ஜெயிக்கவும் செய்தார். 1975-ல் பூங்கா திறந்தது. ஜெர்மனியின் டூயிஸ்பர்க் உருக்காலைப் பூங்காவெல்லாம் இதற்கு வெகுகாலம் பின்னால் வந்ததுதான்.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கோபுரங்களிலேயே நின்றுவிடுகிறார்கள். துரு, சூரிய அஸ்தமனம், பின்னணியில் நகரம். போட்டோவுக்கு நல்லாத்தான் இருக்கும். ஆனால் ஹாக் செய்ததிலேயே பெரிய காரியம் போட்டோவில் விழாது. அவர் நஞ்சேறிய மண்ணை மொத்தமாக வெட்டி லாரியில் ஏற்றி இன்னொரு ஊர்க்காரன் தலையில் கொட்டவில்லை. சாக்கடைக் கழிவையும் மரத்தூளையும் இலைச்சருகையும் அதில் கலந்து ஆழ உழுதார். நுண்ணுயிர்கள் அதில் பெருகி எண்ணெயைத் தின்னும் என்பது கணக்கு. சுருக்கமாகச் சொன்னால், நம்ம ஊர் எருக்குழித் தத்துவம். ஒரு நோயாளியை ஊரைவிட்டு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதுபோல, மண்ணை அதன் இடத்திலேயே வைத்துத் தேற்றப் பார்த்தார். எனக்கு இந்தப் பூங்காவில் கவிதை என்றால் இதுதான்.

சரி, நோய் குணமானதா? முழுக்க இல்லை. நுண்ணுயிர்களால் செரிக்க முடிந்தது கொஞ்சம், முடியாதது நிறைய. 1984-ல் மண் பரிசோதனை முடிவுகளைப் பார்த்துப் பயந்து பூங்காவைச் சிலகாலம் மூடினார்கள். பிறகு திறந்து, மேலே மண் போட்டார்கள். பின்னாளில் நிலத்துக்குள் காற்றைச் செலுத்திப் பென்சீனை வெளியேற்றும் வேலையும் நடந்தது.

இங்கே எனக்கு ஹாக்குடன் ஒரு பிணக்கு உண்டு. பழைய அஸ்திவாரங்களின் இடிபாடுகளைக் குவித்து, மேலே மண்மூடிப் புல் வளர்த்து ஒரு குன்று செய்தார். பட்டம் விடுகிறவர்களுக்குப் பிடித்த இடம். அழகான குன்று, மறுக்கவில்லை. அமுக்கி யந்திரங்கள் இருந்த கட்டடம் குழந்தைகள் விளையாடும் கொட்டகையானது. யந்திரங்களுக்குப் பளிச் பளிச்சென்று வண்ணம் அடித்தார்கள். கோபுரங்கள் வேலிக்குள் சிற்பமாகிவிட்டன. மறைக்காமல் காட்டுவேன் என்று தொடங்கிய கை, கடைசியில் இரும்பை மட்டும்தான் காட்டியது. இரும்பு ஆபத்தில்லாத சாட்சி. ஆபத்தான சாட்சி தார். அது புல்லுக்குக் கீழே. 'பழசை மறைக்காத நேர்மை' என்று இந்தப் பூங்காவைப் பாராட்டும்போது இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் விடுவது, விமர்சனம் இல்லை, சுற்றுலா விளம்பரம்.

அந்தக் காலத்திலேயே இதை எதிர்த்தவர்களை 'ரசனை இல்லாதவர்கள்' என்று ஒதுக்குவதும் எனக்கு ஒப்பவில்லை. இந்த நிலத்தைப் பூங்காவாக்கப் பாடுபட்ட நகரசபை உறுப்பினர் மிர்ட்டில் எட்வர்ட்ஸ். 1969-ல் அவர் இறந்தபின் பூங்காவுக்கு அவர் பெயரையே வைக்க முடிவானது. கோபுரங்கள் நிற்கப்போகின்றன என்று தெரிந்ததும், பெயரே வேண்டாம் என்று குடும்பம் சொல்லிவிட்டது. 1976-ல் எலியட் விரிகுடாக் கரையில் வேறொரு பூங்காவுக்கு அந்தப் பெயர் போனது. அரை நூற்றாண்டு புகையைக் கக்கிய ஆலைக்குப் பக்கத்தில் வாழ்ந்த ஊருக்கு அது சிற்பமாகத் தெரியவில்லை என்றால், அதில் ரசனைக் குறைவு எங்கே இருக்கிறது? புகை நின்று, தூரம் வந்தபிறகுதான் துரு அழகாகிறது. அந்தத் தூரம் எல்லாருக்கும் ஒரே நாளில் கிடைப்பதில்லை.

அப்படியானால் இடித்திருக்க வேண்டுமா? இல்லை. இடித்திருந்தால் கோபுரமும் போயிருக்கும், கேள்வியும் போயிருக்கும். இன்று ஏரிக்கரையில் அடுக்குமாடிகள் நின்றிருக்கலாம், கீழே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். 2013-ல் அமெரிக்காவின் வரலாற்றுச் சின்னங்களின் தேசியப் பதிவேட்டில் இந்தப் பூங்கா சேர்ந்தது. ஆலைக்காக மட்டுமில்லை, ஹாக்கின் வடிவமைப்புக்காகவும்தான். துருவைக் காப்பாற்றியவரே இப்போது காப்பாற்றப்பட வேண்டிய பழசு ஆகிவிட்டார். 2018-ல் அவர் இறந்தார்.

தமிழில் 'மாசு' என்ற சொல் அழுக்கையும் குறிக்கும், குற்றத்தையும் குறிக்கும். இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும் மொழியில் இந்தப் பூங்காவைப் பற்றி எழுதுவது ஒருவகையில் வசதி. ஹாக் அழுக்கோடு பேரம் பேசினார். குற்றம் என்கிற பகுதி, கோபுரங்களைத் தாண்டி, குன்றைத் தாண்டி, கரையோரத்தில் இருக்கிறது. மூன்று பக்கமும் ஏரி சூழ்ந்த ஒரு பூங்காவில் தண்ணீரில் இறங்கக் கூடாது, நீந்தக் கூடாது, மீன் பிடிக்கக் கூடாது. அடியில் இருக்கும் வண்டலில் இன்னும் அந்தத் தார்.