ஏறும் உணர்வும் ஏழையின் இடமும்

சமயம் மனிதனை மேல்நோக்கச் செய்வது. அறம் அவனைத் தன் பக்கத்தில் இருப்பவனை நோக்கச் செய்வது. இவ்விரு நோக்குகளும் தம்முள் இணங்குமா, முரணுமா என்பது எல்லாச் சமயங்களிலும் எழுந்த பழைய வினா. இருபதாம் நூற்றாண்டுக் கத்தோலிக்கச் சிந்தனையில் இவ்வினாவைக் கூர்மையாக்கிய நூல்கள் இரண்டு. ஒன்று, பிரெஞ்சு நாட்டு இயேசு சபைத் துறவியும் தொல்லுயிர் ஆய்வாளருமான தெயார் த ஷார்தன் எழுதி, அவர் மறைந்த 1955ஆம் ஆண்டில் அச்சேறிய 'மனிதன் என்னும் நிகழ்வு'. மற்றொன்று, பெரு நாட்டுக் குருவாகிய குஸ்தாவோ குத்தியேரெஸ் 1971இல் வெளியிட்ட 'விடுதலை இறையியல்'. முன்னது உணர்வின் வளர்ச்சியைப் பேசுகிறது. பின்னது ஏழையின் விடுதலையைப் பேசுகிறது. தனித்தனியே படிப்பார்க்கு இரண்டும் நிறைவுடைய நூல்களாகவே தோன்றும். அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்பொழுதுதான் முன்னதில் ஒரு வெற்றிடமும், பின்னதற்கு வேண்டிய ஒரு விரிவும் புலப்படுகின்றன.

தெயார் கண்ட ஏற்றம்

தெயார் 1881இல் பிரான்சின் ஒவேர்ஞ் பகுதியில் பிறந்தார். அணைந்த எரிமலைகள் சூழ்ந்த அந்நிலத்தில் கல்லும் இரும்பும் அவருக்கு இளமை முதலே வியப்பளித்தன. 1899இல் இயேசு சபையில் சேர்ந்து 1911இல் குருவானார். முதல் உலகப்போரில் காயமுற்ற வீரர்களைச் சுமந்து மீட்கும் பணியில் போர்முனையிலேயே இருந்தார். 1923இல் ஆய்வின் பொருட்டுச் சீனா சென்றவர், ஓர்டோஸ் பாலைநிலத்தில் திருப்பலிக்குரிய அப்பமும் இரசமும் இன்றி நின்றார். அன்றைய நாளில் உலகெங்கும் மனிதர் ஆற்றவிருக்கும் உழைப்பையும் அடையவிருக்கும் துன்பத்தையுமே காணிக்கையாகக் கருதி வேண்டும் வேண்டுதலாக 'உலகின்மீது திருப்பலி' என்னும் சிறு நூல் அமைந்தது. பின்னர்ப் 'பீக்கிங் மனிதன்' எனப்படும் தொல்மாந்தன் எச்சங்களை ஆராய்ந்த குழுவிலும் அவர் பங்கு கொண்டார்.

இத்தகைய வாழ்விலிருந்து பிறந்த அவர்தம் கொள்கையைச் சுருக்கமாகக் கூறலாம். பொருள் ஒழுங்குற்றுச் செறியச் செறிய, அதனுள் உறையும் உணர்வும் பெருகுகிறது. சடத்திலிருந்து உயிரும், உயிரிலிருந்து சிந்தனையும் தோன்றியது தற்செயல் அன்று. அதற்கு ஒரு திசை உண்டு. மனிதன் தோன்றியபின் உலகைச் சிந்தனைப் படலம் ஒன்று சூழ்ந்து வளர்கிறது. காற்று மண்டலம் போன்ற இதனை அவர் 'அறிவு மண்டலம்' என்றார். அம்மண்டலம் மேன்மேலும் நெருங்கி, இறுதியில் 'ஒமேகா' என்னும் ஒருமைப் புள்ளியில் கூடும். விசுவாசியாகிய தெயாருக்கு அப்புள்ளி கிறிஸ்துவே.

பரிணாமக் கொள்கையைக் கண்டு அஞ்சிய சமயத்தார் பலர் இருந்த காலத்தில், அக்கொள்கையையே வழிபாட்டுப் பொருளாக மாற்றியது தெயாரின் துணிவு. திருச்சபை அதனை உடனே ஏற்கவில்லை. அவர்தம் சமயச் சிந்தனை நூல்கள் வாழ்நாளில் அச்சேற இசைவு கிட்டவில்லை. 1962இல் அவர் நூல்கள் குறித்து வத்திக்கான் ஓர் எச்சரிக்கையும் விடுத்தது. எனினும், 1965இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு, மனித இனம் உலகை நிலைத்த ஒன்றாகக் காணும் பார்வையிலிருந்து வளர்ந்து மாறும் ஒன்றாகக் காணும் பார்வைக்கு வந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டது. அதே ஏடு மக்களின், சிறப்பாக ஏழைகளின், இன்பதுன்பங்கள் தன்னுடையவை என்று கூறியே தொடங்குகிறது. இரு நீரோட்டங்களும் ஒரே ஏட்டில் ஓடின. ஆயினும் அவை கலந்தனவா என்பதே கேள்வி.

ஏற்றத்தில் விடுபட்டோர்

'மனிதன் என்னும் நிகழ்வு' நூலின் முடிவில், தீமையைப் பற்றிய ஒரு பின்னிணைப்பைத் தெயார் 1948இல் சேர்த்தார். வளரும் உலகில் தீமை எங்ஙனம் நுழைகிறது என்பதை அவர் நால்வகையாகப் பகுக்கிறார்: ஒழுங்கின்மையாலும் தோல்வியாலும் வருவது, சிதைவால் வருவது, தனிமையாலும் அச்சத்தாலும் வருவது, வளர்ச்சியின் வலியால் வருவது. நான்கும் உண்மையே. ஆயினும் ஒருவன் மற்றொருவனுக்கு இழைக்கும் கொடுமை இவற்றுள் எதில் அடங்கும்? நிலமற்றவன் பசி ஒழுங்கின்மையின் விளைவன்று. மிகத் திறம்பட அமைந்த ஓர் ஒழுங்கின் விளைவு. கூலியைக் குறைத்தல் வளர்ச்சியின் வலியன்று; வலியை ஒருவன் தலையிலும் வளர்ச்சியை மற்றொருவன் கையிலும் வைத்தல். உலகில் தீமை, இயல்பான அளவையும் மீறி மிகுந்திருக்கிறதோ என்று தெயாரும் அப்பின்னிணைப்பின் இறுதியில் ஐயுறுகிறார். ஆனால் அவ்வையத்தை வினாவாகவே விட்டுவிடுகிறார்.

இவ்விடைவெளி தீங்கற்றதன்று. தேர்ந்த பிறப்புகளால் மனித இனத்தை உயர்த்தலாம் என்னும் இனமேம்பாட்டுக் கொள்கைக்கு மனிதத் தன்மையுள்ள ஒரு வடிவம் காணப்பட வேண்டும் என்றும் அதே நூல் கூறுகிறது. உயரத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்ளும் பார்வை, பின்தங்கியவரைச் சுமையாக எண்ணும் இடத்திற்கு எளிதில் வந்து சேரும் என்பதற்கு இதுவே சான்று.

எனினும் தெயாரை அவருடைய சொற்களாலேயே மறுக்க முடிகிறது. அவருடைய பெருமையும் அதுவே. எதிர்காலத்தின் வாயில் சிறப்புரிமை பெற்ற சிலர்க்கோ, ஒரே ஓர் இனத்திற்கோ திறவாது; எல்லாரும் ஒருசேரத் தள்ளினால்தான் திறக்கும் என்னும் கருத்தை அந்நூலிலேயே அவர் அழுத்தமாகச் சொல்லியிருக்கிறார். 1926, 1927ஆம் ஆண்டுகளில் எழுதிய 'தெய்வீகச் சூழல்' என்னும் நூலிலும், துன்பத்தை இறைவன் கையிலிருந்து ஏற்பதற்கு முன் அதனை முழு வலிமையோடும் எதிர்த்தல் கிறிஸ்தவன் கடமை என்கிறார். ஆகவே அவர் ஏழையை மறுத்தார் என்றல் பொருந்தாது. எல்லாரும் கூட வேண்டும் என்றார். கூடவிடாமல் தடுப்பவை எவை என்று ஆராயவில்லை. திசையைக் காட்டினார், தொடங்கும் இடத்தைக் காட்டவில்லை.

குத்தியேரெஸ் காட்டிய இடம்

அவ்விடத்தைக் காட்டியவர் குத்தியேரெஸ். 1928இல் லீமா நகரில் பிறந்த அவர், எலும்பு நோயால் இளமையில் பல ஆண்டுகள் சக்கர நாற்காலியில் கழித்தவர். மருத்துவம் பயிலத் தொடங்கிப் பின்னர்க் குருத்துவத்தை நாடி, ஐரோப்பாவில் உயர்கல்வி பெற்று, 1959இல் குருவானார். லீமாவின் ஏழைமக்கள் வாழும் ரீமாக் பகுதியில் பங்குப்பணி ஆற்றினார். ஐரோப்பாவில் கற்ற இறையியல் 'இறைவன் உண்டா?' என்று ஐயுறும் அறிஞனுக்கு விடை கூறுவது. ரீமாக்கில் அவர் எதிர்கொண்டதோ 'எங்களை மனிதரென மதிக்காத உலகில் இறைவன் எங்களை நேசிக்கிறான் என்பதை எப்படிச் சொல்வது?' என்னும் வினா. வினா மாறியதால் இறையியலும் மாறியது. 1968இல் கொலம்பியாவின் மெதெயின் நகரில் கூடிய இலத்தீன் அமெரிக்க ஆயர்கள் வறுமையை அநீதியின் விளைவென்று அறிவித்தனர். 1979இல் மெக்சிகோவின் புவெப்லா நகரில் கூடியபொழுது 'ஏழைகளுக்கு முன்னுரிமை' என்னும் தொடரை நிலைநாட்டினர்.

அக்காலத்தில் உணர்வு என்னும் சொல்லே அக்கண்டத்தில் புதுப்பொருள் பெற்றிருந்தது. அதற்குக் காரணமானவர் பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரி. 1963இல் அந்நாட்டின் வடகிழக்கிலுள்ள அங்கிகோஸ் என்னும் ஊரில், அவருடைய முறைப்படி ஏறத்தாழ 300 தொழிலாளர்க்கு நாற்பது மணி நேரப் பாடத்தில் எழுத்தறிவிக்கும் முயற்சி நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கு வாக்குரிமை இல்லாத நாடு அன்றைய பிரேசில் என்பதை எண்ணினால், அம்முயற்சியின் எடை விளங்கும். தொழிலாளர் நாள்தோறும் வழங்கும் சொற்களே பாடமாயின. செங்கல் என்னும் சொல்லை எழுதக் கற்பவன், செங்கல் அறுக்கும் தனக்கு வீடில்லாதது ஏன் என்றும் கேட்கக் கற்றான். இதனை ஃபிரெய்ரி விழிப்புணர்வாக்கம் என்றார். 1964இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதும் அத்திட்டம் நின்றது, ஃபிரெய்ரி சிறையிடப்பட்டார், பின்னர் நாட்டைவிட்டு வெளியேறினார். தெயாரின் உணர்வு பல கோடி ஆண்டுகளில் ஏறுவது. ஃபிரெய்ரியின் உணர்வு ஒரு மாலை வகுப்பில் எழுவது. குத்தியேரெஸின் நூல் இவ்விரண்டாம் உணர்வையே ஆன்மிகத்தின் வாயிலாகக் கொண்டது.

அந்நூலில் ஆசிரியரும் மாணவரும் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி, வறுமை என்னும் சொல்லை அவர் ஆராயும் இறுதி இயலாகும். வறுமைக்கு அவர் மூன்று பொருள் காண்கிறார். முதலாவது, உண்ணவும் உடுக்கவும் இல்லாத நிலை. இது தீமை, இறைவன் விரும்பாதது. இரண்டாவது, இறைவனையே நம்பியிருக்கும் குழந்தையுள்ளம், இது பேறு. மூன்றாவது, ஏழையோடு தோழமை பூண்டு, அவன் வறுமையை எதிர்ப்பதற்காகத் தானும் ஏற்கும் வாழ்வு, இது கடமை. ஸ்பானிய மொழியில் மூன்றிற்கும் ஒரே சொல் வழங்குவதால் அவர் பல பக்கங்களில் இவற்றைப் பிரித்துக் காட்ட நேர்ந்தது. தமிழில் முதலாவதை வறுமை என்றும், இரண்டாவதை எளிமை என்றும் பிரித்துச் சொல்ல முடிகிறது. ஆனால் சொற்கள் இரண்டாக இருப்பது மட்டும் போதாது. வறுமையில் வாடுவோனிடம் எளிமையின் சிறப்பை எடுத்துரைக்கும் போதனை எம்மொழியிலும் நிகழக்கூடியதே. அப்போதனையைத்தான் குத்தியேரெஸின் நூல் அடியோடு மறுக்கிறது.

மறுப்பும் விடையும்

இந்நூலுக்கு எழுந்த மறுப்புகளும் எளியவை அல்ல. மீட்பு என்பதை அரசியல் மாற்றமாகக் குறுக்குதல், வர்க்கப் போராட்டக் கருத்தைச் சமயத்துள் கொணர்தல் ஆகிய குறைகளை விடுதலை இறையியலின் சில போக்குகளில் கண்டு, 1984இல் வத்திக்கான் ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டது. 1986இல் வந்த இரண்டாம் அறிவுறுத்தல் விடுதலையின் கிறிஸ்தவப் பொருளை விரிவாக ஏற்றது. அதே ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் பிரேசில் ஆயர்களுக்கு எழுதிய மடலில், விடுதலை இறையியல் பயனுள்ளதும் தேவையானதும் ஆகும் என்றார். குத்தியேரெஸின் மூலநூலை நடுநிலையோடு படிப்பார்க்கு, விடுதலையை அவர் மூன்று தளங்களில் வைத்தமை தெரியும்: சமூக ஒடுக்குமுறையிலிருந்து விடுதலை, மனிதன் தன் வரலாற்றைத் தானே ஆக்கும் அக விடுதலை, பாவத்திலிருந்து விடுதலை. இவற்றுள் ஒன்றை விட்டு மற்றொன்றில்லை. 1983இல் அவர் வெளியிட்ட 'நம் சொந்தக் கிணற்றிலிருந்து பருகுவோம்' என்னும் நூல் முழுமையும் ஆன்மிகமே.

எனினும் ஒரு குறை உண்டு. 1971ஆம் ஆண்டு நூலில் மனித வரலாறு பேசுகிறது; மண்ணும் மரமும் பேசவில்லை. பெண்டிரின் நிலையும் பழங்குடியினரின் பண்பாடும் போதிய இடம் பெறவில்லை. இவற்றுள் பின்னவற்றை 1988ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் குத்தியேரெஸே எடுத்துரைத்துத் தம் பார்வையை விரித்துக்கொண்டார். தம் நூலைத் தாமே திருத்தும் நேர்மை எல்லா ஆசிரியரிடத்தும் காணப்படுவதன்று.

இரண்டும் கூடுமிடம்

மண்ணையும் மனிதனையும் சேர்த்துக் காணும் பார்வையைத் தெயாரிடமிருந்து பெறலாம் என்று பின்வந்தோர் சிலர் உணர்ந்தனர். உருகுவாய் நாட்டு இயேசு சபையினரான ஹுவான் லூயிஸ் செகுந்தோ பரிணாமச் சிந்தனையையும் விடுதலை இறையியலையும் இணைக்க முயன்றார். பிரேசிலின் லெயொனார்தோ போஃப் 1995இல் வெளியிட்ட நூலில் பூமியின் கூக்குரலும் ஏழையின் கூக்குரலும் ஒன்றே என்றார். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடல் அவ்விரு குரல்களையும் சேர்த்துக் கேட்கிறது. தெயாரின் பங்களிப்பையும் ஓர் அடிக்குறிப்பில் நினைவுகூர்கிறது. ஒருகாலத்தில் எச்சரிக்கைக்கு உள்ளான பெயர் மடலின் அடிக்குறிப்பில் இடம்பெற அரை நூற்றாண்டு சென்றது. குத்தியேரெஸ் 2024 அக்டோபரில் தம் 96ஆம் வயதில் லீமாவில் காலமானார். பெரு நாட்டில் பல ஆண்டுகள் பணியாற்றிய திருத்தந்தை பதினான்காம் லியோ, 2025 அக்டோபரில் ஏழைகள்பால் கொள்ளவேண்டிய அன்பைப் பற்றியே ஓர் ஊக்கவுரை வெளியிட்டார்.

இங்கே தமிழ்ச்சொல் ஒன்று துணைசெய்கிறது. தமிழில் உணர்வு என்பது அறிவையும் குறிக்கும். பிறர் நோவைத் தன் நோவாகக் கொள்ளும் உருக்கத்தையும் குறிக்கும். அறிந்தும் உருகாதவனை உணர்ந்தவன் என்று தமிழர் சொல்வதில்லை. இச்சொல்லின் இயல்பு கொண்டு நோக்கினால், தெயாரின் ஏற்றத்திற்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. உலகின் அறிவு பெருகியும் ஏழையின் பசி மாறவில்லையாயின், வளர்ந்தது உணர்வன்று. அதன் ஒரு பாதியே. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் இறுதித் தீர்ப்பு நடக்கும்பொழுது கேட்கப்படுவது எவ்வளவு உயர்ந்தாய் என்பதன்று. பசித்தவனுக்கு உணவளித்தாயா என்பதே. குத்தியேரெஸ் தம் நூலில் அவ்வதிகாரத்திற்கு அளித்த முதன்மை, தெயாரின் ஒமேகாப் புள்ளிக்கு அவர் எழுதிய உரையெனவே கொள்ளத்தக்கது.

தெயாரைப் படிப்போர் வானை நோக்கிய பார்வையோடு நூலை மூடக்கூடாது. அங்கிகோஸின் மாலை வகுப்பில், கரும்பலகையில் முதற்சொல்லை எழுதி முடித்து, அச்சொல் தன் வாழ்வைப் பற்றியது என்று கண்டுகொண்ட தொழிலாளியிடம் ஏறிய உணர்வும், விண்மீன்கள் தோன்றிய நாள்முதல் ஏறிவந்த அதே உணர்வுதான். அவனுக்கு அவ்வெழுத்தை மறுத்த கை, அவ்வேற்றம் முழுவதையும் தடுத்த கை.