டிபிரிங் சொன்ன 'மாட்டேன்'

மீயியற்கைத் தன்பாலீர்ப்புக் காதல் கதைகளில் சம்மதம் எங்கே என்று கேட்டால், கையோடு ஒரு பதில் வருகிறது: 'அவர்கள் மனிதர்களே அல்ல, ஓநாய்களின் இயல்பு அது, அங்கே போய் மனித நீதி பேசலாமா?' இதை நான் ஏற்கவில்லை. ஓநாய் மனிதனின் இயல்பைக் காடு தீர்மானிப்பதில்லை, எழுத்தாளர் தீர்மானிக்கிறார்.

கட்டாய இணைவு என்ற உத்தி எங்கே தொடங்கியது என்று பாருங்கள். 'ஸ்டார் டிரெக்' தொலைக்காட்சித் தொடரில் 1967இல் ஒளிபரப்பான 'அமோக் டைம்' கதையை எழுதியவர் தியடோர் ஸ்டர்ஜன். 1953லேயே ஆணை நேசித்த ஆணைப் பரிவோடு எழுதியவர். வல்கன் இனத்து ஸ்பாக்கை 'பான் ஃபார்' வெறி பிடிக்கிறது. இணை சேராவிட்டால் சாவு. பலருக்கும் நினைவிருப்பது இவ்வளவுதான். ஆனால் ஏழு வயதில் அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட டிபிரிங், சடங்குத் திடலில் நின்று அவனை மறுக்கிறாள். வென்றவனின் உடைமையாகும் ஆபத்தைத் தெரிந்தே, தனக்காக மோத ஸ்பாக்கின் நண்பனும் கப்பல் தலைவனுமான கிர்க்கைத் தேர்ந்தெடுக்கிறாள். ஸ்பாக்கின் வெறியோ சண்டையிலேயே தணிந்துவிடுகிறது. கட்டாய இணைவின் மூலக்கதையில் மறுப்பும் உண்டு, மாற்று வழியும் உண்டு.

அடுத்து வந்த கிர்க்-ஸ்பாக் ரசிகர் புனைவுகள் பலவும் வெறியை எடுத்துக்கொண்டு டிபிரிங்கைக் கைவிட்டன. காரணம் புரியாமல் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியதே 1973இல்தான். ஆசையை வாய்விட்டுச் சொல்ல முடியாத இரண்டு ஆண்களுக்கு 'வேறு வழியில்லை' என்பது அன்று ஒரு விடுதலை. ஆன் மெக்காஃப்ரியின் 'டிராகன்ஃபிளைட்' (1968) நாவல் இன்னும் நேர்மையானது. டிராகன்கள் இணையும்போது அவற்றின் வீரர்களும் அந்த வேகத்தில் அடித்துச் செல்லப்படுகிறார்கள். நாயகி லெஸ்ஸாவுடனான தன் உறவை வன்புணர்வுக்கு ஒப்பிட நாயகன் ஃப்லார் தயங்குவதில்லை.

2010 வாக்கில் 'சூப்பர்நேச்சுரல்' தொடரின் ரசிகர்களிடையே பிறந்த ஒமேகாவர்ஸ் என்ற கதைவகை அந்தத் தயக்கமின்மையை இழந்தது. ஆல்பா ஆள்வான், ஒமேகா பருவ வேட்கையில் தவிப்பான், கழுத்தில் ஒரு கடி விழுந்தால் ஆயுள் பந்தம். அலுப்பூட்டும் அளவுக்குத் திரும்பத் திரும்ப வரும் காட்சி இது: ஒமேகாவின் வாய் வேண்டாம் என்கிறது, உடல் ஒத்துழைக்கிறது, கதைசொல்லி உடலின் பேச்சையே நம்புகிறார். வன்முறையாளர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் சாக்கு இது. இங்கே உயிரியல் விதியாகப் பதவி உயர்வு பெறுகிறது.

அந்த உயிரியலும் பொய். ஆல்பா ஓநாய் என்ற கருத்துக்கு அடித்தளமிட்டது, பாசல் விலங்குக் காட்சிசாலையில் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் வெளியிட்ட ஆய்வு. 1970இல் தன் நூல் வழியே அதைப் பரப்பிய டேவிட் மெக் என்பவரே, காட்டு ஓநாய்க் கூட்டம் பெற்றோரும் பிள்ளைகளும் கொண்ட குடும்பம்தான் என்று 1999இல் எழுதினார். கூண்டுக்குள் கண்டதை இயற்கை என்று எடுத்துக்கொண்ட பிழை, காதல் கதைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்ற ரசிகர் புனைவுத் தளத்தில் எச்சரிக்கைக் குறிச்சொற்கள் இருக்கின்றனவே என்பார்கள். அவை தேவை, வரவேற்கிறேன். ஆனால் எச்சரிக்கை வாசகரைத்தான் காக்கும். கதைக்குள் இருப்பவனைக் காக்காது. வன்புணர்வை வன்புணர்வு என்றே எழுதி, அதன் காயத்தோடு கடைசிவரை நிற்கும் கதையோடு எனக்குச் சண்டையில்லை. அதைத் திருமணமாக்கி வாழ்த்துப் பாடும் கதையோடுதான் சண்டை.

டி. ஜே. க்ளூனின் 'வுல்ஃப்சாங்' (2016) வேறு வழியைத் தொட்டுக் காட்டுகிறது. ஓநாய் மனிதனான ஜோ கொடுக்கும் சின்னக் கல் ஓநாயை, இணையாக வரக் கேட்பது என்ற அதன் பொருள் தெரியாமலேயே ஆக்ஸ் வாங்கிக்கொள்கிறான். தெரிந்த பிறகு அந்த அறியாமையே நாவலுக்குள் கேள்வியாகிறது. முழுமையான விடை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஊழ் இங்கே தீர்ப்பாக இல்லை, வேண்டுகோளாக நிற்கிறது. அதனால்தான் ஆக்ஸின் காதலுக்குக் கனம் கூடுகிறது.

ஆணும் ஆணும் காதலிப்பதற்கு வெறி, விதி, சாபம் என்று ஏதோ ஒன்றின் அனுமதி தேவைப்பட்ட காலத்தில் அந்த உத்தி பிறந்தது. விரும்பினேன் என்று வெளிப்படையாக எழுத முடிகிற இன்றும் அதையே பற்றிக்கொண்டிருப்பது, தன்பாலீர்ப்பைத் தானாக விரும்பத் தகாததாகவே வைத்திருப்பதாகும். 'மாட்டேன்' என்று சொல்லிவிட்டு உயிரோடும் மரியாதையோடும் நடந்து போகக்கூடிய ஓநாய்களை எழுதுங்கள். அவர்கள் திரும்பி வந்தால் அதற்குப் பெயர் காதல்.