கவிதை ஏடும் வழக்குக் கட்டும்: அபெரிஸ்ட்வித் சுவடிச் செல்வம்

வேல்ஸ் நாட்டுப் பழஞ்சுவடிகள் என்றால் நான்கு புத்தகங்களின் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்வது நூற்றைம்பது ஆண்டுப் பழக்கம். வில்லியம் ஃபோர்ப்ஸ் ஸ்கீன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1868-இல் வெளியிட்ட தம் பதிப்புக்கு ‘வேல்ஸின் நான்கு பழம்புத்தகங்கள்’ என்று பெயர் வைத்தார். அந்தக் கணக்கு அப்படியே நிலைத்துவிட்டது. கார்மார்தன் கறுப்புப் புத்தகம், தாலியெசின் புத்தகம், அனெய்ரின் புத்தகம், ஹெர்கெஸ்ட் சிவப்புப் புத்தகம். இவற்றில் முதல் இரண்டும் அபெரிஸ்ட்வித் என்னும் கடற்கரை ஊரில், குன்றின்மேல் நிற்கும் வேல்ஸ் தேசிய நூலகத்தின் உடைமை. அனெய்ரின் கார்டிஃப் நகருக்கும், சிவப்புப் புத்தகம் ஆக்ஸ்ஃபோர்டின் ஜீசஸ் கல்லூரிக்கும் உரியவை. இவற்றின் பெருமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அபெரிஸ்ட்வித்தில் இருப்பதை மொத்தமாகப் பார்த்தால், வேல்ஸ் மக்களின் குரல் கவிதை ஏடுகளைவிட வழக்குக் கட்டுகளில்தான் உரக்கக் கேட்கிறது.

முதலில் ஏடுகள் வந்து சேர்ந்த கதை. பதினேழாம் நூற்றாண்டில் டொல்கெத்லாய் ஊருக்கு அருகே ஹெங்கூர்ட் என்ற மாளிகையில் ராபர்ட் வாகன் என்பவர் வாழ்ந்தார். ஊரில் செல்வாக்குள்ள நிலக்கிழார். ஏடு சேர்ப்பதில் தீராத வெறி. மடாலயங்கள் எட்டாம் ஹென்றி காலத்தில் கலைக்கப்பட்டபின் யார் யார் வீட்டிலோ சிதறிக் கிடந்த சுவடிகளை விலைக்கும் வேண்டுதலுக்கும் வாங்கினார். கிடைக்காதவற்றைத் தாமே படியெடுத்தார். அவருடைய நண்பர் கெத்லிலவ்டியைச் சேர்ந்த ஜான் ஜோன்ஸ் இன்னும் விசித்திரமான மனிதர். கடன் தொல்லையில் லண்டனின் ஃபிளீட் சிறையில் அடைபட்டுக் கிடந்தபோதும் அவர் வெல்ஷ் ஏடுகளை அழகான எழுத்தில் படியெடுத்துக்கொண்டே இருந்தார். மூலம் அழிந்து, அவர் கைப்படி மட்டும் மிஞ்சிய நூல்கள் உண்டு. அவருடைய ஏடுகளும் வாகனிடம் வந்து சேர்ந்தன. இருவரில் யார் முந்தி இறந்தாலும் மற்றவருக்கே எல்லாம் என்று அவர்கள் பேசி வைத்திருந்ததாக ஒரு வழிவழிச் செய்தி.

வாகன் 1667-இல் இறந்தார். அதற்குப்பின் வந்த தலைமுறைகளுக்கு அந்தத் தொகுதியின் அருமை தெரியவில்லை. இரவல் போன சில ஏடுகள் திரும்பவில்லை. அவர் சேகரித்த சாசரின் ‘கேன்டர்பரி கதைகள்’ சுவடி, 1400-ஐ ஒட்டி எழுதப்பட்டது, அந்நூலின் மிகப் பழைய படிகளில் ஒன்று. அதன் தாள்களின் வெளிமூலைகளை எலி தின்றிருக்கிறது. 1859-இல் தொகுதி முழுவதும் உயில் வழியே பெனியார்த் மாளிகையின் வின் குடும்பத்துக்குப் போனது. அதனால்தான் ஐந்நூறுக்கும் மேற்பட்ட அந்தச் சுவடிகளுக்கு இன்று பெனியார்த் தொகுதி என்று பெயர். சேர்த்த மனிதரின் பெயரும் வீடும் வரிசை எண்ணுக்குப் பின்னால் மறைந்துபோனது அநியாயம்தான்.

பெனியார்த்திலிருந்து நூலகத்துக்கு வந்த கட்டம் ஒரு பேரம். விக்டோரியா அரசியின் மருத்துவராக இருந்த சர் ஜான் வில்லியம்ஸ், சுவடி ஆய்வாளர் குவெனோக்வ்ரின் எவன்ஸின் முயற்சியால், தொகுதி பிற்பாடு தம்மிடம் வரும்படி விலைபேசி வாங்கிவைத்தார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார்: தேசிய நூலகம் அபெரிஸ்ட்வித்தில் அமைந்தால்தான் இவையெல்லாம் அதற்குக் கிடைக்கும். போட்டியிட்ட கார்டிஃபுக்கு அருங்காட்சியகம் கிடைத்தது. 1907-இல் அரச பட்டயம் பெற்ற நூலகம் மேற்குக் கடற்கரைக்குப் போனது. 1909-இல் ஏடுகள் வந்து சேர்ந்தன. கட்டடத்துக்குச் சுரங்கத் தொழிலாளர்களும் கல்குவாரிக்காரர்களும் வீடுவீடாக வந்து கேட்டவர்களிடம் சில்லறை கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரில் லண்டனிலிருந்து மேக்னா கார்ட்டா போன்றவை பத்திரத்துக்காக வந்தபோது, நூலகத்துக்கு அடியில் பாறையைக் குடைந்து தனியே ஒரு சுரங்க அறை அமைத்தார்கள்.

இனி ஏடுகள். கார்மார்தன் கறுப்புப் புத்தகம் உள்ளங்கையைவிடச் சற்றே பெரியது: ஏறக்குறைய 17 சென்டிமீட்டர் உயரம், 54 தோலேடுகள். 1250 அளவில் ஒரே ஒருவர் எழுதியது. முதல் பக்கங்களில் எழுத்து பெரிதாக, வரிகள் தாராளமாக இருக்கின்றன; போகப்போக எழுத்து சிறுத்து நெருங்குகிறது. ஒரே மூச்சில் எழுதி முடித்த வேலை அல்ல, கிடைத்தபோதெல்லாம் சேர்த்துக்கொண்டது என்று அந்தப் பக்கங்களே சொல்கின்றன. மெர்லினின் மூலமான மிர்தின் பாடல்கள், வீரர்கள் புதைந்த இடங்களைச் சொல்லும் கல்லறைச் செய்யுள்கள், ஆர்தர் பற்றிய குறிப்புகள் எல்லாம் இதில் உண்டு. 2015-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் புற ஊதா ஒளியில் ஏட்டைப் பார்த்தபோது, ஓரத்தில் சுரண்டி அழிக்கப்பட்ட மனித முகங்களும் பாட்டு வரிகளும் தெரியவந்தன. பதினாறாம் நூற்றாண்டில் இதை வைத்திருந்த ஜாஸ்பர் கிரிஃபித் என்பவர் ‘தூய்மை’ செய்தபோது அவை போயிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. மூலத்தை மட்டும் காப்பாற்றி, பிறகு வந்த வாசகர்களை அழித்துவிடும் அந்தத் துடிப்பு எல்லா நாட்டிலும் உள்ளதுதான்.

மாபினோகியன் என்னும் பழைய வெல்ஷ் கதைகளைத் தரும் ரிதெர்க் வெள்ளைப் புத்தகம் 1350 அளவிலானது. ஹவெல் தா மன்னரின் பெயரால் வழங்கும் சட்டத்தின் லத்தீன் சுவடி ஒன்றில் அரசனும் நீதிபதியும் அரண்மனை ஊழியரும் வரிசையாகப் படங்களில் வருகிறார்கள். அதே சட்டத்தின் வெல்ஷ் படி ஒன்று, சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் அளவினது, குடியேறியவர்களோடு அமெரிக்காவின் பாஸ்டனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. 2012-இல் லண்டன் ஏலத்தில் அரை மில்லியன் பவுண்டுக்கு மேல் கொடுத்து நூலகம் அதை மீட்டது.

நல்ல ஏடுகளைப் பற்றிப் பேசிவிட்டுப் போலிகளை விட்டுவிட முடியாது. யோலோ மோர்கானுக் (1747–1826) கல்தச்சர், கவிஞர், ஆஸ்துமாவுக்காக அபின் மருந்து தின்றவர். அவரைப்போல் ஊர் ஊராகச் சென்று ஏடு பார்த்தவர் அக்காலத்தில் அரிது. அவரைப்போல் பொய் ஏடு புனைந்தவரும் அரிது. 1789-இல் வெளிவந்த டாவித் ஆப் க்விலிம் கவிதைப் பதிப்பின் பிற்சேர்க்கையில், பதினான்காம் நூற்றாண்டுப் பெருங்கவிஞனின் பெயரில் தம் கவிதைகளையே கொடுத்து அச்சேற்றினார். பழங்கவிஞர்களுக்கென்று ஒரு எழுத்துமுறையையே கண்டுபிடித்தார். கிரிஃபித் ஜான் வில்லியம்ஸ் 1926-இல் நூலாக எழுதிக் குட்டை உடைத்தார். அதற்கு ஆதாரம் எங்கிருந்து கிடைத்தது? அதே நூலகத்தில் சேர்ந்திருந்த யோலோவின் காகிதங்களிலிருந்தே. ஒரு பொய் எப்படி வரைவாகத் தொடங்கி, திருத்தப்பட்டு, பழமை பூசப்படுகிறது என்று ஆராய இதைவிட நல்ல தொகுதி வேறு இருக்காது. என் கணக்கில் யோலோவின் காகிதங்கள் நான்கு புத்தகங்களுக்கு அடுத்த இடத்துக்கு உரியவை.

இனி வழக்குக் கட்டுகள். எட்டாம் ஹென்றியின் சட்டம் 1536-இல் வேல்ஸின் நீதிமன்றங்களுக்கு ஆங்கிலத்தை மொழியாக்கியது. அதன்பின் பன்னிரண்டு மாவட்டங்களைச் சுற்றிவந்த ‘கிரேட் செஷன்ஸ்’ நீதிமன்றம் 1830 வரை நடந்தது. பதிவுகள் 1733 வரை லத்தீனில். வழக்காடியவர்களில் பெரும்பாலோருக்கு வெல்ஷ் தவிர வேறு மொழி தெரியாது. மொழியை வெளியே நிறுத்திய அந்த நீதிமன்றத்துக்குள் மொழி எப்படி நுழைந்தது என்பதுதான் வேடிக்கை. அவதூறு வழக்கில் எதிராளி சொன்ன சொல்லையே அப்படியே எழுத வேண்டும் என்பது சட்டம். ஆகவே திருடன், பொய்ச்சத்தியம் செய்தவன், சூனியக்காரி என்று சந்தையிலும் வாசலிலும் வீசப்பட்ட வசவுகள், லத்தீன் வாக்கியத்தின் நடுவே பச்சை வெல்ஷில் உட்கார்ந்திருக்கின்றன. எந்தக் கவிஞனும் எழுதிவைக்காத பேச்சு அது.

1594-இல் டென்பியில் தூக்கிலிடப்பட்ட க்வென் வெர்ச் எல்லிஸின் வழக்கு இதில் முக்கியமானது. சூனியக் குற்றத்துக்காக வேல்ஸில் தூக்கிலிடப்பட்டவர்களில் ஆவணங்கள் அறியும் முதல் பெண் அவள். துணி நெய்தும், மனிதருக்கும் கால்நடைக்கும் களிம்பும் மந்திரமும் கொடுத்தும் பிழைத்தவள். பிரபு வீடு ஒன்றில் பின்னிருந்து முன்னாக எழுதப்பட்ட மந்திரச் சீட்டு கிடைத்ததில் பழி அவள்மேல் விழுந்தது. பிஷப் வில்லியம் ஹியூஸ் விசாரித்தபோது, நோய் தீர்க்கத் தான் ஓதும் மந்திரத்தை அவள் சொல்ல, எழுத்தர் அதை வெல்ஷிலேயே எழுதிக்கொண்டார். தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் தொடங்கும் வழிபாடு அது. ஊரார் ஆண்டுக்கணக்கில் அவளிடம் வந்து கேட்டுவாங்கிய சொற்கள், அவளைக் கொல்லத் திரட்டிய சான்றாக, சிறைக்கட்டு எனப்படும் குற்ற வழக்குக் கட்டில் தங்கிவிட்டன.

உயில்களைப் பற்றியும் இதே தொனியில் பேசலாம்: 1858-க்கு முன் திருச்சபை நீதிமன்றங்களில் பதிவான 190,000-க்கும் மேற்பட்டவை நூலகத்தில் உள்ளன, இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பெரும்பாலும் ஆங்கிலம் அல்லது லத்தீன். ஆனால் உடன் இணைத்த சொத்துப் பட்டியலில் பசு, பானை, படுக்கை என்று ஒரு வீடு முழுதும் எழுந்து நிற்கிறது. நமக்குப் பக்கத்துச் செய்தி ஒன்றும் உண்டு. கால்வினிய மெத்தடிஸ்ட் சபையின் ஆவணங்களில், வடகிழக்கு இந்தியாவின் காசி மலை மிஷன் காகிதங்கள் இருக்கின்றன. 1841-இல் செராப்புஞ்சி வந்த அச்சபையின் மிஷனரி தாமஸ் ஜோன்ஸ், காசி மொழிக்கு ரோமன் எழுத்தில் எழுத்துமுறை அமைத்தபோது வெல்ஷ் எழுத்துக்கூட்டு முறையைத்தான் பின்பற்றினார்.

ஆய்வுத்துறை இந்தச் சமமின்மையை இன்னும் சரிசெய்யவில்லை. ஏடுகளுக்கு குவெனோக்வ்ரின் எவன்ஸின் அறிக்கை 1898-இலேயே வரத் தொடங்கியது. நூலகத்தின் சுவடிக் காப்பாளராக இருந்த டேனியல் ஹியூஸ் பல பத்தாண்டு உழைத்து, கி.பி. 800 முதல் 1800 வரையிலான வெல்ஷ் சுவடிகளையும் எழுதியவர்களையும் பற்றிய பெருங்களஞ்சியத்தை 2022-இல் மூன்று தொகுதிகளாகத் தந்துவிட்டார். தாலியெசின் புத்தகத்தை எழுதிய கை வேறு எந்தெந்த ஏட்டில் இருக்கிறது என்றுகூட இன்று சொல்ல முடியும். சிறைக்கட்டுகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. 1730 முதல் 1830 வரையிலான குற்றங்களுக்கு ஒரு தேடுதளம் இருக்கிறது. அதற்கு முந்திய ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு மாண்ட்கமரி போன்ற சில மாவட்டங்களில் அச்சிட்ட அட்டவணை உண்டு. மற்ற இடங்களில் கட்டை வரவழைத்து, லத்தீன் தெரிந்தவர் ஒவ்வொரு தோல்சுருளாகப் பிரித்துப் படித்தாக வேண்டும்.